சாட்டைத் தேளை வளர்த்து அறிந்த வரலாறு



மக்கள் அஞ்சி அடித்துக் கொல்லும் ஒரு சிற்றுயிரைச் சிலர் கூண்டில் வைத்து வளர்த்தனர். அதனால் அதன் வாழ்வை உலகம் அறிந்தது. அந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். அதைத் தொடங்குமுன், நான் செய்த ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன்.

1989-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். அவிநாசிக்கு அருகில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பள்ளியின் பின்புறம் பழைய கருங்கல் சுவர் ஒன்று மழையில் சரிந்திருந்தது. மாணவர்கள் கற்களை அகற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு பலகைக் கல்லின் அடியிலிருந்து உள்ளங்கையளவு பரந்த ஓர் உயிர் பக்கவாட்டில் விரைந்து ஓடியது. தட்டையான உடல், முள் நிறைந்த இரண்டு கைகள், நூல்போல் நீண்டு எல்லாத் திசையிலும் அசையும் இரண்டு சாட்டைகள். பிள்ளைகள் அலறினார்கள். நானும் அதற்குமுன் அதைக் கண்டதில்லை. ஆயினும் ஆசிரியன் என்ற முறையில் ஏதேனும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "கொடிய விஷத் தேள்! அடியுங்கள்!" என்றேன். அடித்தார்கள்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இதுக்குக் கொடுக்கு எங்கீங்க சார்?" என்று கேட்டான். "உள்ளே ஒளித்து வைத்திருக்கும்" என்றேன். அவன் மறுபடியும் குனிந்தான். "சார், முதுகு பூராக் குஞ்சுங்க சார்" என்றான். நசுங்கிய உடலின்மேல் வெண்ணிறமான சிறு உயிர்கள் சில இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

நான் அன்று சொன்னவை இரண்டும் பொய். அதற்குக் கொடுக்கு இல்லை, விஷமும் இல்லை. இதனைக் கோயமுத்தூரில் ஒரு நூலகத்தில் பழைய ஆங்கில நூல் ஒன்றைப் புரட்டியபோதுதான் அறிந்துகொண்டேன்.

தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்க வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அவ்வாறே தொடங்குவோம். சிலந்தி உங்களுக்குத் தெரியும்; தேள் தெரியும்; நண்டும் தெரியும். இவ்வுயிர் சிலந்தியையும் தேளையும் போலச் சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது. நண்டைப்போலப் பக்கவாட்டில் ஓடும். எட்டுக் கால்களுள் ஆறினால்தான் நடக்கிறது. முதல் இணைக் கால்கள் மெலிந்து நீண்டு சாட்டைகளாகிவிட்டன. இருளில் வாழும் அதற்கு அவையே விரல், அவையே மூக்கு. கண் தெரியாதவர் கைக்கோலால் வழியைத் தடவி அறிவதுபோல், அது சாட்டைகளால் உலகைத் தடவி அறிகிறது. தேளுக்குள்ள வாலும் கொடுக்கும் இதற்கு இல்லை. சிலந்திக்குள்ள நச்சுச் சுரப்பியும் இல்லை. நூல் நூற்கும் உறுப்பும் இல்லை. முள் நிறைந்த கைகளால் கரப்பான், பாச்சை முதலிய சிற்றுயிர்களைப் பற்றி உண்கிறது. மனிதன் கையால் பிடித்து நெருக்கினால் முள் குத்தலாம். அதற்குமேல் தீங்கு இல்லை.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைத் தமிழில் 'வாலில்லாச் சாட்டைத் தேள்' எனலாம். வாலுள்ள சாட்டைத் தேள் என்று வேறு ஓர் உயிர் உண்டு. அதன் பின்புறத்தில் மயிரிழைபோல் ஒரு வால் இருக்கும். துன்புறுத்தினால் காடி நாற்றமுள்ள நீரைப் பீச்சும். இரண்டும் உறவினவே, ஆயினும் வேறு வேறு வரிசையைச் சேர்ந்தவை. நாம் பேச எடுத்துக்கொண்டது வாலில்லாத வகையை. இன்று உலகில் இதன் இனங்கள் 250-க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. இவ்வரிசையின் புதைபடிவங்கள் நிலக்கரிக் காலப் பாறைகளில் கிடைத்திருக்கின்றன. அஃதாவது, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவ்வுயிர்கள் உலகில் இருந்தன. பறவைகள் அன்று தோன்றவில்லை; பூக்கும் செடிகளும் தோன்றவில்லை.

இனி, இதனை மனிதர் அறிந்த வரலாற்றுக்கு வருவோம். அவ்வரலாற்றில் இரண்டு காலங்கள் உண்டு. முதலாவது புட்டிகளின் காலம். இரண்டாவது கூண்டுகளின் காலம்.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலின் பத்தாம் பதிப்பில் சாட்டைத் தேள்கள் இரண்டுக்குப் பெயர் சூட்டினார். வாலுள்ளதை 'வாலுடையது' என்றும், வாலில்லாததைச் 'சிறுநீரக வடிவுடையது' என்றும் பொருள்படும் இலத்தீன் சொற்களால் குறித்தார். வாலில்லாததின் முன்னுடல் மேலோடு உண்மையிலேயே சிறுநீரகத்தைப்போல் அகன்று வளைந்திருக்கும். 1801-இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் இவற்றுக்கு 'பிரைனஸ்' என்று தனிப் பேரினம் வகுத்தார். அச்சொல் கிரேக்க மொழியில் தேரையைக் குறிக்கும். 1879-இல் கார்ஷ் என்பவர் 'பிரைனிக்கஸ்' என்னும் பேரினத்தை நிறுவினார். நம் தென்னாட்டிலும் இலங்கையிலும் வாழ்பவற்றுள் பெரியவை இப்பேரினத்தைச் சேர்ந்தவை. 1883-இல் தோரெல் என்னும் அறிஞர் முழு வரிசைக்கும் 'மழுங்கிய பின்புறமுடையவை' என்ற பொருளில் 'ஆம்ப்ளிபைஜி' என்று பெயரிட்டார்.

இந்தியாவில் இவ்வாராய்ச்சி வளர்ந்ததற்குத் தொழில்முறை விஞ்ஞானிகள் மட்டும் காரணர் அல்லர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883-இல் எட்டு அன்பர்களால் தொடங்கப்பட்டது. அதன் செயலாளராக நெடுநாள் தொண்டாற்றிய பிப்சன் என்பவர் மது வாணிகர். இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய போக்காக், 1894-இல் இந்தியச் சாட்டைத் தேள் இனம் ஒன்றுக்கு இந்த வாணிகரின் பெயரையே சூட்டினார். அதே போக்காக் 1900-ஆம் ஆண்டில் இந்திய நாட்டுத் தேள், சிலந்தி, சாட்டைத் தேள் ஆகியவற்றைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். கோயமுத்தூரில் என் கைக்கு வந்த பழைய நூல் அதுதான்.

அந்நூலில் நான் எதைக் கண்டேன், எதைக் காணவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். எத்தனை முட்கள், எந்த முள்ளுக்கு அடுத்து எந்த முள், காலின் எந்தக் கணு எவ்வளவு நீளம் என்பன வியக்கத்தக்க நுட்பத்தோடு எழுதப்பட்டிருந்தன. ஆனால் தாயின் முதுகில் குஞ்சுகள் எத்தனை நாள் இருக்கும் என்ற என் மாணவனின் கேள்விக்கு அதில் விடை கிடைக்கவில்லை. அது போக்காக்கின் குறையன்று. அவரிடம் வந்து சேர்ந்தவை சாராயப் புட்டியில் மிதந்த பிணங்கள். பிணத்தைப் பார்த்து உருவத்தை எழுதலாம்; பெயர் சூட்டலாம்; குடும்ப வாழ்வை எழுத முடியுமோ? இதனையே நான் புட்டிகளின் காலம் என்றேன்.

கூண்டுகளின் காலத்துக்கு வழிகாட்டியவர் பிரான்சு நாட்டுப் பெரியவர் ஃபாப்ர். 1823-இல் பிறந்து 1915-இல் மறைந்த அவர் ஒரு பள்ளி ஆசிரியராகவே வாழ்வைத் தொடங்கியவர்; வறுமையோடு போராடியவர். முதுமையில் தம் தோட்டத்தில் தேள்களைக் கண்ணாடிக் கூண்டில் வளர்த்தார். இரவில் விளக்கோடு அமர்ந்து, ஆணும் பெண்ணும் கைகோத்து நடப்பதையும், தாய் குஞ்சுகளை முதுகில் சுமப்பதையும் கண்டு எழுதினார். ஆயினும் ஒன்று அவர் கண்ணுக்குத் தப்பியது. தேள்கள் எவ்வாறு இணைகின்றன என்பதை அவரால் இறுதிவரை அறிய இயலவில்லை. இணைகள் ஓட்டின் அடியில் சென்று மறைந்துவிட்டன. ஆண் தேள் தன் விந்தை ஒரு சிறு தண்டின்மேல் வைத்துத் தரையில் நாட்டுகிறது. பெண்ணை அதன்மேல் அழைத்துச் செல்கிறது. பெண் அதனை ஏற்றுக்கொள்கிறது. இவ்வுண்மை 1950-களின் நடுவில்தான் வெளிப்பட்டது.

நம் நாட்டில் உயிருள்ளவற்றின் பழக்கவழக்கங்களைக் கருத்தோடு பார்த்தவர்களுள் கிரேவ்லி என்னும் ஆங்கிலேயர் ஒருவர். அவர் 1909-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணிக்குச் சேர்ந்தார். கீழைநாட்டுச் சாட்டைத் தேள்களின் வகைப்பாட்டை 1915-இல் திருத்தி எழுதினார். அதே ஆண்டில், இந்தியப் பூச்சிகள், பூரான் இனங்கள், சிலந்தி வகுப்பு உயிர்கள் ஆகியவற்றின் பழக்கங்களைப் பற்றித் தனியே குறிப்புகளும் வெளியிட்டார். 1920 முதல் 1940 வரை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர் இவரே. தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1932-இல் டி. என். இராமச்சந்திரனோடு சேர்ந்து நூல் வெளியிட்டவரும் இவரே. நடராசர் திருமேனியையும் கல்லடிச் சிற்றுயிரையும் ஒரே மனிதர் ஒரே பொறுமையோடு பார்த்தார் என்பது மாணவர்கள் நினைவில் வைக்கத்தக்கது.

சாட்டைத் தேள்களின் வாழ்வு கூண்டு வழியாகத் தெளிவாகத் தொடங்கியது 1960-களில். 1962-இல் அலெக்சாண்டர் அம்மையார் தென்னாப்பிரிக்க இனம் ஒன்றையும், மேற்கிந்தியத் தீவான திரினிதாத்தின் இனம் ஒன்றையும் பற்றி அவற்றின் வாழ்வையும் நடத்தையையும் விளக்கி எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் கிளிங்கெல் என்னும் செருமானியர் தென்கிழக்காசிய இனம் ஒன்றின் இணைசேர்க்கையைக் கண்டு வெளியிட்டார். பின்னர் செருமனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் வேய்கோல்ட் என்னும் பேராசிரியர் இத்துறையையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். 1970-இல் அவர் அமெரிக்காவின் புளோரிடாவிலும் கரீபியத் தீவுகளிலும் வாழும் ஒரு சிறிய இனத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, முட்டை முதல் முதிர்ச்சி வரை அதன் வாழ்க்கை வட்டத்தை எழுதினார். லின்னேயஸ் பெயர் சூட்டியது 1758; இக்கட்டுரை 1970. இடையில் 212 ஆண்டுகள்! பெயர் சூட்டுவதற்கு ஒரு புட்டி போதும். வாழ்வை அறிவதற்கு நாள்தோறும் உணவிட்டுக் காத்திருக்கும் ஒருவர் வேண்டும் என்பது இதனால் விளங்கும். 2000-ஆம் ஆண்டில் வேய்கோல்ட் தம் பல்லாண்டு அறிவையெல்லாம் திரட்டி ஒரு நூலாக வெளியிட்டார்.

இவ்வாறு வளர்த்தவர்கள் கண்டவை யாவை? முதலில் இணைசேர்க்கை. ஆண் தன் சாட்டைகளால் பெண்ணின் உடலையும் கால்களையும் நடுங்க நடுங்கத் தடவுகிறது. இது ஓரிரு நொடியில் முடிவதன்று. பல மணி நேரம் நீள்வதும் உண்டு. பிறகு ஆண் திரும்பி நின்று, தேளைப்போலவே, விந்து தாங்கிய சிறு தண்டைத் தரையில் நாட்டுகிறது. மறுபடி திரும்பிப் பெண்ணை அதன்மேல் மெல்ல வரச் செய்கிறது. இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் கைகளை விரித்துக் காட்டிச் சாட்டைகளால் ஒன்றையொன்று தட்டி அளந்துகொள்கின்றன. பெரும்பாலும் காயமின்றியே ஒன்று விலகிவிடுகிறது.

அடுத்தது தாய்மை. பெண் தன் முட்டைகளை வயிற்றின் அடியில் ஒரு பையில் வைத்துச் சுமக்கிறது. அப்பை அதன் உடலிலிருந்து சுரக்கும் நீர் இறுகி உண்டாவது. பல இனங்களில் ஏறத்தாழ மூன்று மாதம் இச்சுமை தொடரும். இக்காலத்தில் தாயை அடிக்கடி தொந்தரவு செய்தால் அது முட்டைப் பையை இழந்துவிடும். தானே தின்றுவிடுவதும் உண்டு. ஆகவே வளர்ப்பவருக்கு முதல் ஒழுக்கம், கையை அடக்குதல். குஞ்சுகள் வெளிவந்ததும் தாயின் முதுகில் ஏறிக்கொள்கின்றன. வெளிறிய நிறம், மென்மையான உடல். கீழே விழுந்த குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஒரு வாரம், சில இனங்களில் அதற்குச் சற்று மேலும், அவ்வாறு இருந்து முதல் தோலை உரித்தபின் கீழிறங்குகின்றன. அப்போது அவை தாயின் உருவையே சிறிதாக்கிச் செய்தவைபோல் இருக்கும். என் மாணவனின் கேள்விக்கு இதுவே விடை. நாங்கள் அடித்தது, வாழ்நாளில் அந்த ஒரு வாரத்தில் இருந்த ஒரு தாயை.

மூன்றாவது தோலுரித்தல். சிலந்திகள் பலவும் முதிர்ந்தபின் தோலுரிப்பதில்லை. சாட்டைத் தேளோ முதிர்ந்த பின்னும் வாழ்நாள் முழுதும் உரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் இழந்த காலும் சாட்டையும் அடுத்தடுத்த உரிப்புகளில் மீண்டும் வளர்கின்றன. நன்கு காப்பாற்றினால் பல ஆண்டுகள் வாழும். ஆனால் தோலுரிப்பதற்கு அது ஒரு பரப்பைப் பற்றித் தலைகீழாகத் தொங்க வேண்டும். தொங்கி, தன் எடையாலேயே பழைய தோலிலிருந்து கீழ்நோக்கி நழுவி வெளிவர வேண்டும். இதனை அறியாமல் வளர்த்தவர்கள் எத்தனையோ உயிர்களை இழந்திருக்கிறார்கள். அவர்களுள் நானும் ஒருவன்.

1991-இல் மாணவர்கள் பாழுங்கிணற்றுச் சுவரிலிருந்து ஒரு சாட்டைத் தேளைப் பிடித்து வந்தார்கள். இம்முறை நான் அடிக்கச் சொல்லவில்லை. பழைய மீன் தொட்டி ஒன்றில் ஈர மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டைக் கல்லை வைத்து, அதனை விட்டோம். பிள்ளைகள் வீட்டு அடுக்களையில் கரப்பான் பிடித்து வந்து கொடுத்தார்கள். நான்கு மாதம் நலமாக இருந்தது. ஒருநாள் காலையில், பாதி தோலுரித்த நிலையில், கல்லின்மேல் கால்கள் முறுக்கிக்கொண்டு இறந்து கிடந்தது. எனக்குக் காரணம் விளங்கவில்லை. முன்பு கொடுக்கைக் கேட்ட அதே மாணவன், அப்போது பத்தாம் வகுப்பு, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கெணத்துல அது பலகைக்கல்லுக்கு அடியில தலைகீழாத் தொங்கிட்டுத்தானுங்க சார் இருந்துச்சு. நாமதான் அதைப் படுக்க வெச்சுட்டோம்."

அவன் சொன்னதே காரணம் என்று பின்னாளில் நூல்கள் எனக்கு உணர்த்தின. அவனோ நூல் படித்துச் சொல்லவில்லை. அது வாழ்ந்த இடத்தைப் பார்த்துச் சொன்னான்.

1993-இல் மறுபடியும் ஒன்று கிடைத்தது. இம்முறை தொட்டியை நிமிர்த்தி உயரமாக வைத்தோம். சொரசொரப்பான மரப்பட்டை ஒன்றைச் சாய்த்து நிறுத்தினோம். அடியில் ஈர மண், ஒரு பக்கம் காற்றுப் புகக் கம்பிவலை, நாளுக்கொரு முறை சுவரில் நீர்த்துளி தெளித்தல், அவ்வளவே. கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிக்கொண்டு மாலையில் பார்ப்போம். சிவப்பொளியில் அது அவ்வளவாக மிரளுவதில்லை. ஒருநாள் காலை பிள்ளைகள் ஓடி வந்து, "சார், இன்னொண்ணு வந்திருக்குதுங்க!" என்றார்கள். சென்று பார்த்தேன். பட்டையில் கருநிறமாக ஒன்று தொங்கியது. அதனருகில் வெண்மையும் இளம்பச்சையும் கலந்த நிறத்தில் இன்னொன்று. கருநிறமானது வெறும் தோல். வெண்ணிறமானதே எங்கள் சாட்டைத் தேள். மாலைக்குள் அது மெல்ல மெல்லக் கருத்து இறுகியது. அன்று ஒரு வகுப்பு முழுதும் பேசாமல் நின்று பார்த்தது. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட என் ஆசிரியப் பணியில் அத்தகைய அமைதியை நான் மிகச் சில முறையே கண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு அதே தொட்டியில் வேறொரு பெண் முட்டை சுமந்தது. குஞ்சுகள் 23 முதுகில் ஏறின. முதல் தோலுரித்து இறங்கியதும், தாயையும் குஞ்சுகளையும் பிடித்த கிணற்றுச் சுவரிலேயே கொண்டுபோய் விட்டோம். நாங்கள் செய்தது ஆராய்ச்சி அன்று. அளந்து குறித்து வைக்கவும் அன்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் 1989-இல் நான் சொன்ன பொய்யைக் கேட்ட அதே பள்ளியின் பிள்ளைகள் உண்மையைத் தம் கண்ணால் கண்டார்கள்.

வளர்ப்பின் வழியாக அறிவு இன்றும் பெருகி வருகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ரேயர் அம்மையாரும் உடன் ஆய்வாளரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. கிழக்காப்பிரிக்காவின் டாமன் டயடீமா என்னும் இனத்தையும், வேய்கோல்ட் வளர்த்த புளோரிடா இனத்தையும் அவர்கள் குடும்பம் குடும்பமாக வளர்த்தார்கள். குஞ்சுகள் முதுகை விட்டு இறங்கிய பின்னும் தாயின் அருகில் பல மாதம் கூடி இருந்தன. தாய் அவற்றின் நடுவே அமர்ந்து சாட்டைகளால் ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்தது. உடன்பிறந்தவற்றைப் பிரித்துப் புதிய கூண்டில் விட்டபோது அவை மீண்டும் ஒன்றுகூடின. தனிமையில் வாழும் கொடிய உயிர் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டவற்றுள் இத்தகைய இணக்கம் இருப்பதைப் புட்டி நமக்குச் சொல்லியிருக்க முடியாது. அடுத்த ஆண்டே, அஃதாவது 2007-இல், வேய்கோல்ட் இன்னொரு புதுமையை வெளியிட்டார். மத்தியதரைக் கடல் பக்கத்துச் சிற்றினம் ஒன்றில், ஆணின் துணையின்றியே பெண்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததை அவர் வளர்ப்பில் கண்டார்.

மேல்நாடுகளில் இன்று சாட்டைத் தேள்களை வீட்டில் விருப்பத்துக்காக வளர்ப்போரும் பலர். 2005-இல் வெளிவந்த ஹாரி பாட்டர் படம் ஒன்றில் வகுப்பறைக் காட்சியில் மேசைமேல் ஓடும் உயிரைப் பார்த்துப் பலர் சிலந்தி என்று எண்ணியிருப்பீர்கள். அதன் உருவம் சாட்டைத் தேளினுடையது. இவ்விருப்பத்தில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. கூண்டில் பிறந்ததை வாங்கி வளர்ப்பவர் காட்டுக்குத் தீங்கு செய்வதில்லை. காட்டிலிருந்து பிடித்து விற்பவரோ, மெதுவாகப் பெருகும் ஓர் உயிரை விரைவாகக் குறைக்கிறார். ஆண்டுக்கு ஆயிரம் முட்டையிடும் பூச்சியன்று இது. சில பத்துக் குஞ்சுகளை மாதக்கணக்கில் சுமந்து பெறுவது.

நம் பக்கத்தில் இதற்கு வந்துள்ள இடர் வேறு. அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் பனியன் தொழில் பெருகியது. பல ஆயிரம் குடும்பங்கள் பிழைத்தன. அதனை நான் குறை சொல்லமாட்டேன். என் மாணவர்களுள் பலர் அத்தொழிலால் உயர்ந்தவர்கள். ஆனால் கட்டடங்கள் எழுந்த இடங்களில் கல்லடுக்குச் சுவர்கள் போயின. நீர் வற்றிய பழங்கிணறுகள் மண்ணால் மூடப்பட்டன. நாங்கள் 23 குஞ்சுகளையும் விட்ட கிணறும் இன்று இல்லை. அதன்மேல் ஒரு பண்டகசாலை நிற்கிறது. இவ்வுயிர்களுக்கு வேண்டியது ஈரமும் இருளும் உள்ள ஒரு கல்லிடுக்கு. அது போனால் அவையும் போகும். போனதை நாம் அறியவும் மாட்டோம். ஆந்திரத்தின் பெயர் தாங்கிய பிரைனிக்கஸ் இனம் ஒன்று 2005-இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. பெயர் பெறாத இனங்கள் நம் மலைகளிலும் இருக்கக்கூடும்.

அவிநாசியைப் பற்றி வழங்கும் திருக்கதையை நீங்கள் அறிவீர்கள். முதலை விழுங்கிய பாலகன் ஆண்டுகள் கழிந்தபின் சுந்தரர் பாட்டுக்கு இரங்கிய இறைவன் அருளால் கரையேறினான் என்பர். அந்தக் கோயில் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் நான் நசுக்கச் சொன்ன அந்தத் தாயும் குஞ்சுகளும் என் நினைவுக்கு வருவதுண்டு. அவை மீளமாட்டா. ஆனால் தெரியாத ஒன்றைக் கண்டால் "எனக்குத் தெரியாது; பார்ப்போம்" என்று சொல்ல அவை எனக்குக் கற்பித்தன. பயிற்சிப் பள்ளியில் நான் கற்காத பாடம் அது.

மாணவ நண்பர்களே! உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் ஒரு வேண்டுகோளும் சொல்லி முடிக்கிறேன். கல்லின் அடியில் வெறுங்கையை விடாதீர்கள். அங்கே செந்தேளும் இருக்கலாம். அதன் கொட்டு குழந்தைகளின் உயிருக்கே இடர் விளைப்பது. காப்புக் காடுகளில் எவ்வுயிரையும் அனுமதியின்றிப் பிடிக்காதீர்கள். பார்க்க விரும்பினால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு கோலால் கல்லை உயர்த்தி, விளக்கொளியில் பாருங்கள். கண்டதை ஒரு குறிப்பேட்டில் நாளும் இடமும் இட்டு எழுதுங்கள். நான் எழுதாமல் விட்டதை நீங்களாவது எழுத வேண்டும். பார்த்து முடித்ததும் கல்லை முன்பு இருந்தபடியே மெதுவாகத் திருப்பி வைத்துவிடுங்கள்.